கழராதுக்காரர்

புலியைக் கண்டால் ஓடிவிடலாம். பாம்பைக் கண்டால் ஒதுங்கிவிடலாம். ‘கழராதுக்காரர்’ என்று ஓர் இனம் இருக்கிறதே, அவரைக் கண்டால் மட்டும் நாமே முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, கையிலிருக்கிற நகையையும் நீட்டிவிடுவோம்.

எங்கள் பலாங்கொடைக் கடைத்தெருவில் அவருக்கு உதயராஜ் என்று பெயர். மணி கோத்து, கம்பி வளைத்து, கையாலேயே சங்கிலியும் தோடும் செய்து விற்கிறவர். கல் ஒன்று கிடைத்தால் போதும், வெயிலில் பிடிப்பார், கண்ணைச் சுருக்குவார், டோர்ச் அடிப்பார், தெருவில் போகிறவரையும் கூப்பிட்டுக் காட்டுவார். வந்தவர் சும்மா போவாரா, அவரும் ஒரு டோர்ச்சை எடுப்பார். கல்லுக்கு இத்தனை நீதிபதிகள். அந்தக் கல்லைச் சங்கிலியோடு சேர்க்கிற சின்ன வளையத்துக்கு? ஒரு குறடு, ஒரு கடி. ஆமாம், பல்லால்தான்.

தேயிலைத் தோட்டத்து மங்கையர்க்கரசி, செத்துப்போன புருஷன் விட்டுச்சென்ற பயறளவு நீலக்கல்லை, மகள் தனுஷிகாவின் நிச்சயதார்த்தத்துக்குச் சங்கிலியில் தொங்கும் பென்டன் ஆக்கக் கொண்டுவந்தாள். வேலை முடிந்ததும் வளையத்தின் மேல் நகத்தை ஓட்டிப் பார்த்தாள்.

“வாய் மூடலியே தம்பி, நகம் மாட்டுதுங்க.”

“நகத்தையா பொண்ணுக்குப் போடப் போறீங்க? கல்லப் பாருங்கக்கா!”

“கல்ல நான் பார்க்காததா? இந்த வளையந்தான்...”

“ஹரி ஹரி, சரிக்கா. இருபது வருசமா செய்றேன். கழராதுக்கா.”

வளையத்துக்கு வருஷம் எண்ணத் தெரியுமா? இருபுறமும் இழுத்துத் திறந்தால் அதன் வட்டமே கெட்டுப்போகும். இரண்டு குறட்டால் பிடித்து, ஒரு முனையை முன்னே, மறுமுனையைப் பின்னே திருப்பித் திறந்து, அதே வழியில் திருப்பி மூட வேண்டும். அவருக்குத் தெரியாதா? நன்றாகத் தெரியும். அதற்கு அரை நிமிஷம் ஆகும். ‘கழராது’ என்று சொல்ல அதுகூட ஆகாது.

நிச்சயதார்த்தத்தன்று பெண், உட்கார்ந்திருந்த மாமியார் காலில் விழுந்து எழுந்தாள். சங்கிலி எழுந்தது; கல் எழவில்லை.

“அப்பன் கல்லே தங்கலியே, இந்தச் சம்பந்தம் தங்குமா?” என்றாள் மாப்பிள்ளையின் பெரியம்மா. தட்டு மாற்றப்போன கைகள் நின்றன. மங்கை பாயைச் சுருட்டினாள், பூத்தட்டைக் கவிழ்த்தாள், அழக்கூட நேரமில்லாமல் தரையைத் தடவினாள். கடைசியில் மாமியார்தான் தன் சேலை மடிப்பிலிருந்து கல்லை எடுத்தாள்.

“என் மடியிலதானே வந்து விழுந்திருக்கு? எங்க வீட்டுக்கு வர்ற பொண்ணவிட இதுக்குத்தான் அவசரம்!”

பெரியம்மாவின் வாய் மூடியது. தட்டு மாறியது.

மறுநாள் மங்கை கடையேறி நின்றாள். உதயராஜ் வளையத்தைப் பார்த்தாரா? அதுதான் இல்லை.

“பொண்ணு ரொம்பக் குனிஞ்சிட்டாக்கா. இது நிமிந்து நிக்கிறதுக்கான மாடல்.”

“இப்ப நீங்க குனிங்க தம்பி. ரெண்டு குறட்டையும் எடுங்க.”

நகம் வழுக்கிப் போகும்வரை அவள் நகரவில்லை.

சிரிக்கிறீர்களா? நன்றாகச் சிரியுங்கள். உங்கள் வீட்டுக் கூரைத் தகரத்துக்கு ஆணி அடிக்காமல், மேலே ஒரு கல்லைத் தூக்கி வைத்து, “எந்தக் காத்துக்கும் பறக்காது” என்று வீட்டுக்காரியிடம் சொன்னது எந்த வருஷம்?

ஏன், இப்போது எதற்கு அண்ணாந்து பார்க்கிறீர்கள்?