அத்தானுக்கு நிமிட விலை கிடைக்கக் கூடாது

ஈஜோக்,
சனிக்கிழமை.

சிங்கப்பூர் வங்கியில் பெரிய நாற்காலியில் அமர்ந்திருக்கும் அன்புத் தம்பி முகுந்தனுக்கு, அக்காள் தனேஸ்வரி ஆசியுடன் எழுதிக்கொள்வது. இங்கே நானும் மகள் நிருபாவும் சுகம். நீயும் உன் மனைவி, பிள்ளைகளும் சுகமாக இருக்க முருகனை வேண்டிக்கொள்கிறேன். உன் அத்தான் சுகமா என்பதை இந்தக் கடிதத்தை முழுவதும் படித்துவிட்டு நீயே சொல். இந்தக் காலத்தில் யாரக்கா கடிதம் எழுதுகிறார்கள் என்று சிரிக்காதே. என் கைப்பேசியின் இணையத்தில்தான் அவருடைய மடிக்கணினி ஓடுகிறது. அதனால் கைப்பேசி பாதி நாள் அவர் மேசையில்தான் கிடக்கிறது. வாட்ஸ்அப்பில் நான் உனக்கு எதை அனுப்பினாலும் உனக்கு முன்னால் அவர் படித்துவிடுவார்.

தம்பி, எல்லாம் நீ ஆரம்பித்து வைத்தது. போன தீபாவளிக்கு நீ வந்திருந்தபோது உன் அத்தான் செம்பனை எண்ணெய் ஆலை மேற்பார்வையாளர் வேலையிலிருந்து ஓய்வு பெற்று, சேமநிதிப் பணம் முழுவதையும் எண்ணெய் முன்பேரச் சந்தையில் போட எடுத்து வைத்திருந்தார். இத்தனை வருடம் அந்த எண்ணெயைப் பிழிந்த தனக்கு அதன் விலை எப்போது ஏறும் என்று தெரியாதா என்பது அவர் கட்சி. காலையில் சந்தை திறந்து முதல் கால்மணி நேரத்தில் விலை ஏறினால் வாங்க வேண்டுமாம், மத்தியான இடைவேளைக்கு முன் விற்றுவிட வேண்டுமாம், எல்லாவற்றையும் கம்ப்யூட்டரே செய்யுமாம், இவர் பக்கத்தில் உட்கார்ந்து தேநீர் குடித்தால் போதுமாம். நான் கண்ணாலேயே உன்னைக் கெஞ்சினேன். நீயும் புரிந்துகொண்டாய். “அத்தான், இதையெல்லாம் மொதல்ல பழைய விலையில சோதிச்சுப் பார்க்கணும். தினசரி விலை பத்தாது, பத்து வருஷத்து நிமிட விலை வேணும். அது கையில கிடைக்கிறவரைக்கும் ஒரு வெள்ளிக் காசுகூடப் போடாதீங்க” என்றாய். வாயை அடைக்க இதைவிட நல்ல வழி இல்லை என்று நானும் நிம்மதியாகப் பாயசம் ஊற்றினேன். அவரோ எழுந்து வந்து உன் கையைப் பிடித்துக் குலுக்கினார். “பார்த்தியா தனம், படிச்சவன் படிச்சவன்தான்லா!” நீ போட்டது முட்டுக்கட்டை. அவர் அதை உத்தியோகமாக எடுத்துக்கொண்டார்.

முதலில் இலவசமாகக் கிடைக்கும் இடங்களில் தேடினார். தினசரி விலை மலை மாதிரி கிடைத்தது. திறந்தபோது எவ்வளவு, மூடியபோது எவ்வளவு, உச்சம் எவ்வளவு, அடி எவ்வளவு என்று ஒரு நாளைக்கு நாலே நாலு எண். கல்யாணம் எப்படி நடந்தது என்று கேட்டால், பந்தி தொடங்கிய நேரத்தையும் முடிந்த நேரத்தையும் மட்டும் சொன்ன மாதிரி. நடுவில் யார் யாரோடு சண்டை போட்டார்கள் என்பதல்லவா இவருக்கு வேண்டும்? நிமிடத்துக்கு நிமிடம் கொடுக்கிற ஒரு தளத்திலும் கடைசிச் சில வாரங்களுக்கு மட்டும்தான் இருந்தது. “கவலை இல்ல, நானே பதிவு பண்றேன். பத்து வருஷம் எங்க போயிடும்?” என்றார். அப்போது அவருக்கு எழுபது வயது தாண்டியிருக்கும் என்று நிருபா சொன்னதற்கு, அனுபவம் கூடும் என்று பதில் வந்தது.

அப்படிப் பதிவு செய்யத் தொடங்கி இரண்டு மாதம் ஆகியிருக்கும். ஒரு நாள் என்னைக் கத்திக் கூப்பிட்டார். “தனம், இங்க வந்து பாரு! வெள்ளிக்கிழமை காலையில மட்டும் விலை ஒரே குதியாக் குதிக்குது. எவனோ பெரிய கை உள்ள வர்றான். இந்தோனேசியாக்காரனா இருக்கும்.” போய்ப் பார்த்தேன். அந்த நேரம் எனக்கு நன்றாகத் தெரிந்த நேரம். வெள்ளிக்கிழமை காலையில்தான் நான் இணையப் பெட்டியின் பிளக்கைப் பிடுங்கிவிட்டுக் கிரைண்டரை மாட்டி மாவரைப்பேன். அரைத்து முடிக்கும்வரை பதிவு நின்றுவிடும், மறுபடி மாட்டும்போது விலை வேறெங்கோ போயிருக்கும். பெரிய கை என் கைதான். சொல்லாமல் இருந்துவிடலாம் என்றுதான் நினைத்தேன். ஆனால் அவர், “இனிமே சோதனையே வேணாம், வெள்ளிக்கிழமை மட்டும் பணத்தைப் போட்டாப் போதும்” என்று கிளம்பிவிட்டார். வேறு வழியில்லாமல் உண்மையைச் சொன்னேன். மறுநாள் இணையப் பெட்டியைத் தூக்கிக் கொண்டுபோய்ச் சாமி அறை ஜன்னலோரம் வைத்தார், அங்கே யாரும் கை வைக்க மாட்டார்கள் என்று. அந்த வார மழையில் விழுந்த இடியில் அது கருகிப்போனது. அன்றிலிருந்துதான் என் கைப்பேசி அவர் மேசையில்.

அதற்குப் பிறகு விலைக்கு வாங்குவது என்று முடிவானது. டெலிகிராமில் வாசு என்று ஒருவன் பிடிபட்டான். புஞ்சாக் ஆலாமில் ஒரு மாமாக் சாப்பாட்டுக் கடையில் சந்திப்பு. துணைக்கு என்னையும் கூட்டிப் போனார். அவன் ஒரு பென்டிரைவைத் துணியில் சுற்றி, தாலி எடுத்துக் கொடுப்பது போல் கொடுத்தான். வீட்டுக்கு வந்து திறந்தால், செம்பனை எண்ணெய் வியாபாரம் விடியற்காலை இரண்டரை மணிக்குத் தொடங்குகிறது. போன் போட்டுக் கேட்டார். “அது இங்கிலாந்து நேரம் அங்கிள், எட்டு மணி கூட்டிக்குங்க” என்றான். கூட்டினோம். வருடத்தில் பாதி சரியாக வந்தது, மீதிப் பாதி ஒரு மணி நேரம் தள்ளி நின்றது. அந்த ஊரில் கோடைக்குக் கடிகாரத்தை மாற்றுவார்களாமே, எங்களுக்கு எப்படித் தெரியும்? அதையும் சரி செய்து முடித்தபோது, கடைசி மூன்று வருடத்து விலை செம்பனையே இல்லை, சோயா என்று தெரிந்தது. மறுபடி போன்.

“தம்பி, நான் கேட்டது பாம் ஆயில்லா. இது சோயா!”

“எண்ணெய்தானே அங்கிள். ரெண்டும் ஒண்ணாத்தான் ஏறும், ஒண்ணாத்தான் இறங்கும்.”

முழு ஆயுளையும் செம்பனையில் போட்டவரிடம் சொல்கிற பேச்சா இது? உன் அத்தான் கோபத்தில் சாப்பிடவே இல்லை.

பிறகு, பாகான் நக்கோடா ஓமாரில் புனிதன் என்று ஓய்வு பெற்ற தரகர் ஒருவர் இருக்கிறார், அவர் வீட்டில் பழைய விலையெல்லாம் பதிந்த ஹார்ட்டிஸ்க் பெட்டி நிறைய இருக்கிறது என்று யாரோ சொல்ல, அங்கேயும் போனோம். பெட்டி இருந்தது. அதன் மேல் கடல் காற்று பட்டு, திருகெல்லாம் துருப்பிடித்து, தட்டினால் செந்தூள் கொட்டியது. பாவம் மனுஷர், வெறுங்கையோடு அனுப்பக் கூடாது என்று ஒரு பை நிறையச் செனாங்கின் மீன் கொடுத்தார். இத்தனை தேடலில் ஏமாற்றாத சரக்கு அது ஒன்றுதான்.

இனி, நான் செய்ததையும் சொல்லிவிடுகிறேன். தோட்ட ஆபீஸில் கணக்கு எழுதும் கிராணியாக இருந்தவள் நான். அவர் ஒற்றை விரலால் தட்டுவதைப் பார்க்கப் பொறுக்காமல் நானே தட்டிக் கொடுத்து, இந்த விவகாரமெல்லாம் எனக்கும் பழகிவிட்டது. அதனால் அவர் ‘இதோ கிடைச்சிருச்சு’ என்று சொல்லும்போதெல்லாம் சோறு போட்டுக்கொண்டே ஒரு கேள்வி கேட்பேன். “ஏங்க, மாசத்துக்கு மாசம் தனித்தனி ஒப்பந்தம், தனித்தனி விலைதானே? பழைய மாசம் முடிஞ்சு புது மாசத்துக்கு மாறுற அன்னிக்கு விலை எகிறுமே, அதைச் சரி பண்ணியிருக்காங்களா?” அவர் முகம் விழும், இரண்டு வாரம் ஓடும். “நோன்பு மாசத்துல மத்தியான இடைவேளை மாறுமா?” இன்னொரு வாரம். நிருபாவின் கடைசி இரண்டு வருடப் படிப்பு அந்தச் சேமநிதியில்தான் இருக்கிறது தம்பி. அவர் தேடிக்கொண்டிருக்கும்வரை பணம் பத்திரம். இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஓய்வு பெற்ற புதிதில் அவர் வாசலில் உட்கார்ந்து, செம்பனைக் குலை ஏற்றிப் போகும் லோரிகளைப் பார்த்து, “இது நம்ம ஆலைக்குப் போறது” என்று யாரிடமோ சொல்வார். அங்கே யாரும் இருக்க மாட்டார்கள். இப்போது காலையிலேயே குளித்து, சட்டை மாட்டி, மேசைக்குப் போகிறார், திட்டுகிறார், சிரிக்கிறார். அதையும் நான் கெடுக்க விரும்பவில்லை.

அடுத்த சனிக்கிழமை அவர் பஸ் ஏறி உன்னிடம் வருகிறார். “என் மச்சான் பேங்குல இல்லாததா?” என்று ஊரெல்லாம் சொல்லியாகிவிட்டது. இல்லை என்று மட்டும் சொல்லிவிடாதே. அப்படியானால் சோதிக்காமலே இறங்கிவிடுகிறேன் என்று போன வாரமே மிரட்டினார். “இருக்கு அத்தான், ஆனா சுத்தம் பண்ணணும், நாளாகும்” என்று சொல். கொஞ்சம் கொஞ்சமாக அனுப்பு, அங்கங்கே நிமிடங்கள் காணாமல் போயிருக்கட்டும். மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன்.

உன் வீட்டில் விளக்கும் வைஃபையும் ஒருநாளும் அணையாதிருக்க ஆசி கூறும்,

உன் அக்காள்,
தனேஸ்வரி.

பி.கு.: இதைத் தபாலில் சேர்ப்பதற்குள் அந்தச் சனிக்கிழமையே வந்துவிட்டது. அத்தான் பஸ் ஏறவில்லை, இனி வரவும் மாட்டார். முறையாக விற்கிற ஒரு கம்பெனியிடமிருந்து பத்து வருடத்து நிமிட விலையை வாங்கிவிட்டார். என் கேள்விகள் எல்லாவற்றுக்கும் அதில் பதில் இருந்தது. செவ்வாய்க்கிழமை சோதித்தார். லாபக் கோடு மலையிலிருந்து உருட்டிவிட்ட மாதிரி கீழே போனது. “நல்ல வேளை, முகுந்தன் சொன்னான்” என்றார். மறுநாளே ஆலையில் புதியவர்களுக்குப் பயிற்சி கொடுக்கப் போய்விட்டார், சந்தோஷமாக இருக்கிறார். மேசையைத் துடைக்கும்போது மடிக்கணினி திறந்தே கிடந்தது. சும்மா ஒரு ஆசைக்கு, அவர் வாங்கச் சொன்ன இடத்தில் விற்கவும் விற்கச் சொன்ன இடத்தில் வாங்கவும் மாற்றி ஓட்டிப் பார்த்தேன். தரகுக் கூலியையும் கழித்துவிட்டுத்தான் பார்த்தேன். தம்பி, கோடு மேலே போகிறது! ஆனாலும் அதற்கு முந்திய ஐந்து வருடத்தையும் பார்க்காமல் நம்பக் கூடாது. உன் பேங்கில் இருந்தால் உடனே அனுப்பு, ஒரு நிமிடம்கூட விடாமல் அனுப்பு. என் சேமநிதியை எடுக்கத் திங்கட்கிழமை போகிறேன். அத்தானுக்கு மட்டும் தெரிய வேண்டாம். தேவையில்லாமல் குறுக்குக் கேள்வி கேட்பார்.