கண்ணுக்குத் தெரியாத காது மெஷின்

பார்லர் அக்கா காது மெஷின் மாட்டிய முதல் நாளே, டீச்சர் பாதி வெட்டிய முடியோடு எழுந்து போய்விட்டார்.

அக்காவுக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. டீச்சர் நாத்தனாரைத் திட்டிக்கொண்டிருந்தார். "தப்பு உங்க மேலயும் இருக்கே டீச்சர்" என்று இவள் நியாயமாகத்தான் சொன்னாள். உடனே கண்ணாடி வழியே டீச்சரின் பார்வை இவள் காதில் போய் நின்றது.

காதுக்குப் பின்னால் தொங்கும் இந்தக் கொக்கிதான் காரணம் என்று முடிவு கட்டினாள். இத்தனை வருடம் சிரித்தும் தலையாட்டியும் மூடி மறைத்ததை ஒரே நாளில் காட்டிக்கொடுத்துவிட்டதே. கண்ணாடி போட்டால் படித்தவள் என்பார்கள். மெஷின் போட்டால் மட்டும் செவிடி. செவிடியின் கத்தரிக்கோலுக்கு எவள் தலையைக் கொடுப்பாள்?

மெஷின் கடைக்கு ஓடினாள்.

"இதவிடச் சின்னதா குடும்மா."

"காதுக்குள்ளயே அடைக்கிறது இருக்குக்கா. முடிய விட்டு மறைச்சுக்கலாம்."

"அதக் குடு."

மறுநாள் நர்ஸ் வந்து புருஷன் கதையை ஆரம்பித்தாள்.

"அடப்பாவி, அப்படியா சொன்னான்?" என்றாள் அக்கா, பரிவோடு.

நர்ஸ் கை நீட்டி அக்காவின் முடியை ஒதுக்கிப் பார்த்தாள். "டூட்டிக்கு நேரமாச்சுக்கா."

அந்த வாரம் முழுக்க நாற்காலி காலி. அதற்கு மேலே சுற்றும் ஃபேனின் முனகல் மட்டும் துல்லியமாகக் கேட்டது.

மறுபடியும் மெஷின் கடைக்கு ஓடினாள். "இன்னும் சின்னது இல்லியா? இப்படியே போனா ஷட்டர இழுத்து மூட வேண்டியதுதான்."

"ஒண்ணு இருக்கு. உள்ள போயிட்டா பெத்த தாய்க்கே தெரியாது."

அதையும் மாட்டினாள். பேங்க் அம்மா வந்தார். அக்காவின் இரண்டு காதையும் எட்டி எட்டிப் பார்த்தார். நிம்மதியாக உட்கார்ந்து, மேனேஜரில் தொடங்கி மாமியார் வரை கொட்டித் தீர்த்தார்.

"கிழவிக்கு அவ்ளோ திமிரா?" அக்காவுக்கு வாய் சும்மா இருக்கவில்லை.

பேங்க் அம்மா கழுத்தில் சுற்றிய துண்டோடு தெருவில் இறங்கிவிட்டார். அக்கா கத்தரிக்கோலும் கையுமாகத் துரத்தினாள்.

"நில்லுங்கம்மா. ஒருத்தரும் வர மாட்டேங்கறீங்க. என் கை அவ்ளோ கெட்டா போச்சு?"

பேங்க் அம்மா மூச்சு வாங்கத் திரும்பினார்.

"உன் வெட்டு என்னிக்குமே கோணல்தான், அதுக்கா நாங்க வந்தோம்? போய்ப் பெருசா, பளிச்சுன்னு சிவப்புல ஒரு மெஷின் வாங்கு. நீ கழட்டி வச்சிருக்கியான்னு எங்களுக்கு வாசல்லயே தெரியணும்."