ஓடாத லிஃப்ட் சொன்ன சாட்சி

மதிப்பிற்குரிய வக்கீல் மச்சான் அவர்களுக்கு,

இங்கே அனைவரும் சுகம். அங்கேயும் அப்படியே என்று நம்புகிறேன். உங்கள் தங்கை அமோக சுகம். காய்கறிப் பையோடு நாலு மாடி ஏறி வந்தாலும் அவளுக்கு மூச்சு வாங்குவதில்லை. எனக்கோ இரண்டாம் மாடியிலேயே நாக்கு தள்ளிவிடுகிறது. உங்கள் வம்சத்து உடம்பு அப்படி.

நிற்க. வென்றுவிட்டேன் மச்சான்! வீட்டைக் காலி செய்ய வேண்டியதில்லை.

எங்கள் குடியிருப்புச் சங்கச் செயலாளர் மொட்டை மாடியில் ஒலிபெருக்கி வைத்து, விடியுமுன்பே "மூச்சை உள்ளே இழு, வெளியே விடு" என்று கட்டடத்துக்கே உடற்பயிற்சி நடத்திவந்தார் அல்லவா? நீங்கள் வந்திருந்தபோது கட்டிலிலிருந்து உருண்டு விழுந்தீர்களே, அதே ஒலிபெருக்கிதான். அது காணாமல் போனது. மறுநாளே எல்லோர் போனிலும் மொட்டை மாடிக் கேமராவின் வீடியோ. மஞ்சள் மழைக்கோட்டு போட்டு, தொப்பியால் முகத்தை மறைத்த ஓர் உருவம் ஒலிபெருக்கியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு போகிறது. கோட்டின் முதுகில் கறுப்பு ஒட்டு. அந்த ஒட்டு நான் என் கையால் போட்டது! வீட்டுக்காரர் பார்த்துவிட்டு, "அது நீங்கதான்னா மாசக் கடைசியில சாவியைக் குடுத்துடுங்க" என்று சொல்லிவிட்டார். சத்தியமாக நான் எடுக்கவில்லை. இந்தக் காலத்தில் கம்ப்யூட்டரில் ஆளையே வரைந்து நடக்கவிடுகிறார்கள், ஒரு ஒட்டு வரைவது பெரிய விஷயமா?

"போன்ல சுத்துறதெல்லாம் சாட்சி ஆகாது மாப்ள, மூலப் பதிவைக் கேளுங்க" என்று நீங்கள் சொன்னதைப் பிடித்துக்கொண்டேன். கூட்டம் கூடியது. கேமரா மாட்டியவரே பதிவுக் கருவியோடு வந்து டிவியில் போட்டுக் காட்டி, "வெட்டலை, ஒட்டலை, தேதி மாத்தலை. சுத்தமான பதிவு" என்றார். உங்கள் தங்கை வேறு, "போதும், வாங்க போலாம்" என்று சட்டையைப் பிடித்து இழுத்தபடி இருந்தாள். பாவம், பயந்த சுபாவம். நான் விடவில்லை. "இன்னொரு தடவை போடுங்க" என்றேன். போட்டார்கள். உருவம் போகிறது, கதவு திறக்கிறது, உள்ளே நுழைகிறது...

"நிறுத்துங்க!" என்று நான் போட்ட சத்தத்துக்கு ஒலிபெருக்கியே தேவையில்லை. "அது எதுல ஏறுது?"

"லிஃப்ட்ல" என்றார் செயலாளர்.

"எந்த லிஃப்ட்? மூணு மாசமா 'பழுது, படியில் செல்லவும்'னு நீங்களே கையெழுத்துப் போட்டு ஒட்டி வெச்சிருக்கீங்களே, அந்த லிஃப்டா?"

செயலாளர், "அன்னைக்கு மட்டும் ஓடியிருக்கலாம்..." என்று இழுத்தார். ஆறாம் மாடி முழங்கால்வலி அம்மா எழுந்தார் பாருங்கள்! "ஓடுச்சா? ஓடுற லிஃப்டுல தாளை ஒட்டியா என்னைப் படியேற விட்டீங்க?" அவ்வளவுதான், எல்லோரும் எழுந்துவிட்டார்கள். லிஃப்ட் ஓடியது என்றால் அவர் பதவி போகும், ஓடவில்லை என்றால் வீடியோ பொய். மனுஷன் வியர்வையைத் துடைத்துக்கொண்டு, "வீடியோ போலிதாங்க" என்று ஒப்புக்கொண்டார். "சார், வீடியோ சுத்தம், உங்க லிஃப்ட்தான் சார் போலி" என்று கேமராக்காரர் அலறியதை யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. வீட்டுக்காரர் என் கையைக் குலுக்கினார். அடுத்த செயலாளர் நான்தான் என்று பேச்சு. அன்று நாலு மாடியும் எனக்கு மூச்சே வாங்கவில்லை மச்சான்!

பெரியவர்களுக்கு என் வணக்கம், பிள்ளைகளுக்கு ஆசிகள். உண்மையை யாராலும் மறைக்க முடியாது என்பதை அவர்களுக்கும் சொல்லி வையுங்கள்.

இப்படிக்கு,
கேமராவையே மடக்கிய உங்கள் மாப்பிள்ளை

பி.கு.: இதை உங்கள் தங்கைக்குப் பெருமையாக வாசித்துக் காட்டினேன். "அந்த லிஃப்டுக்கு என்ன கேடு? பட்டனை ரெண்டு தடவை அமுக்கிட்டு, கதவுல ஒரு உதை விட்டா வந்துடும். நான் தினமும் அதுலதானே வரேன்" என்றாள். பிறகு, "அந்த ஸ்பீக்கர் பெட்டி கட்டிலடியில இருக்கு, காலை இடிச்சுக்காதீங்க" என்றாள். எனவே உடனே புறப்பட்டு வாருங்கள், பெரிய பையாக எடுத்துக்கொண்டு. படியேற வேண்டாம். ரெண்டு அமுக்கு, ஒரு உதை.