சுவிஸ் வீட்டு நாயும் மிதிவெடியக்காவும்

ஸ்கந்தபுரத்தில் மிதிவெடியக்காவை விட மெதுவாக நகரக்கூடியவை இரண்டுதான். ஒன்று அரசாங்கக் கந்தோர் பைல், மற்றது ஆமை. ஆமையைப் பற்றி எனக்கு இன்னும் சந்தேகம் உண்டு.

பதினொரு வருடம் முழங்காலில் நின்று மண்ணைச் சுரண்டி மிதிவெடி எடுத்தவர் அவர். அந்த வேலையை விட்டு வீட்டோடு இருக்கத் தொடங்கிய பிறகும் பழக்கம் விடவில்லை. கதிரையில் இருக்கும் முன் குனிந்து அதன் கீழே பார்ப்பார். அவர் வீட்டுப் படலையிலிருந்து சந்திக் கடைக்கு முந்நூற்றுப் பத்துக் காலடி. எனக்கு ஐந்து நிமிடம், அவருக்கு இருபத்திரண்டு. செத்த வீட்டுக்கென்று புறப்பட்டு எட்டாம் நாள் சடங்கான எட்டுச் செலவுக்குப் போய்ச் சேர்ந்தவர் என்று ஊரில் ஒரு கதை. நான் விசாரித்துப் பார்த்தேன், அது மிகை. மூன்றாம் நாளே போய்விட்டார்.

என் மதிலுக்கு அப்பால், சுவிஸுக்குப் போய்க் குடியேறிய எங்களூர்க்காரரின் புது வீடு. விடுமுறைக்கு வந்தவர்கள் காவலுக்கென்று ஒரு ரொட்வைலர் குட்டியை வாங்கி, வேம்பில் கட்டிவிட்டு விமானம் ஏறிவிட்டார்கள். குட்டி அங்கேயே வளர்ந்து பெருத்தது. வீட்டைப் பார்த்துக்கொண்டவர் சோற்றை மண்வெட்டியில் வைத்து எட்ட நின்று நீட்டினார். கறுத்த உடம்பு, கன்றுக்குட்டியின் தலை. தெருவால் போகிறவர்கள் மதிலுக்கு மேலால் கல்லெறிந்தார்கள். அது குரைத்தது. குரைக்கிறதே என்று இன்னும் எறிந்தார்கள். இந்தச் சாதி நாய் கடித்தால் வாய் பூட்டிக்கொள்ளுமாம், ஆளோடு நாயையும் சேர்த்துத்தான் ஆஸ்பத்திரிக்குத் தூக்க வேண்டுமாம் என்று கைபேசியில் படம் பார்த்தவர்கள் சொன்னார்கள். எனக்குப் பிரசர் ஏறியது.

கிராம அபிவிருத்திச் சங்கம் கூடியது. இறைச்சியில் நஞ்சு வைப்பதென்று முடிவு. ஓய்வுபெற்ற கிளாக்கர் என்பதால் செயலாளர் நான்தான். 'பலரையும் கடித்துக் குதறும் கொடிய இனம்' என்று தீர்மானத்தை எழுதி முடிக்கவும், கூட்டத்துக்குப் புறப்பட்ட மிதிவெடியக்கா வாசலுக்கு வந்து சேரவும் சரியாக இருந்தது.

“எத்தினை பேரைக் கடிச்சது, கிளாக்கர் ஐயா?”

எல்லாவற்றையும் எண்ணிக் குறித்து வைக்கும் கொப்பி என் சட்டைப்பையில் இருப்பது ஊருக்கே தெரியும். எடுக்காமல் முடியவில்லை. எங்கள் ஒழுங்கையில் அந்த வருடம் நாய்க்கடி ஒன்பது.

“அதில சுவிஸ் வீட்டு நாய்?”

“ஒண்டும் இல்லை.”

“ஆகக் கூடக் கடிச்சது ஆரின்ர நாய்?”

நான் மூக்குக் கண்ணாடியைத் துடைத்தேன். “என்ர மணி. நாலு.”

சபை சிரித்து முடிய நேரம் எடுத்தது. தலைவருக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. “மணி ஊர் நாய். இது அப்பிடியே? கடிச்சாப் பிறகு கதைச்சு என்ன பிரயோசனம்? பதினாலு நாள் தாறன், தங்கச்சி. அதுக்குள்ள நாயை ஒழுங்காக்கும். இல்லாட்டி நஞ்சுதான்.”

மறுநாள் காலை சுவிஸ் வீட்டு முற்றத்துக்கு அவர் பழைய தொழிலுக்குரிய முழு அலங்காரத்தோடும் வந்தார். முகத்தை மூடும் தடித்த கண்ணாடி, கவச அங்கி, கையில், வெடி தேடி முடித்த எல்லையைக் குறிக்கும் சிவப்புத் தலை போட்ட தடிகள். வேம்பிலிருந்து பதினைந்து அடி தள்ளி ஒரு தடியை நட்டார். முழங்காலில் அமர்ந்து, நாயைப் பாராமல், ஒரு சொல்லும் கதைக்காமல், இரண்டு மணித்தியாலம் நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். மறுநாள் தடி ஒரு சாண் முன்னே போனது. அதற்கு மறுநாள் இன்னும் ஒரு சாண்.

நான் மதிலோரம் கதிரை போட்டு ஏறி நின்று பார்த்தேன். முதல் நாள் நாய் இருநூற்றுப் பன்னிரண்டு தரம் குரைத்தது. ஐந்தாம் நாள் நாற்பத்தாறு. எட்டாம் நாள் தடி, சங்கிலி எட்டும் எல்லைக்கு வந்துவிட்டது. அன்று மூன்றே மூன்று.

ஒன்பதாம் நாள் அவர் அந்த எல்லைக்குள் ஒரு சாண் வைத்தார். நாய் எழும்பியது. நான் மதிலை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். அது நேரே வந்து, அவர் முகக் கண்ணாடியை மேலிருந்து கீழாக நக்கத் தொடங்கியது.

“ஐயா, கண்ணாடி முழுக்க வீணீர். ஒண்டும் தெரியேல்லை. நாய் எங்க நிக்குது?”

“உம்மட மடியில, பிள்ளை!”

“அப்ப நான் அசையேல்லை. நீங்களும் கத்தாதேங்கோ.”

பிறகு மெல்லக் கண்ணாடியை உயர்த்தினார். நாயின் கழுத்துப் பட்டி சதைக்குள் புதைந்து, அதன் மேல் தோல் மூடியிருந்தது. அத்தனை நாள் குரைத்த குரைப்பு எதற்கென்று அப்போதுதான் எனக்கு விளங்கியது. அந்த விரல்கள் மண்ணுக்குள் வெடியைத் தேடுவது போல ரோமத்துக்குள் போயின. ஒரு மயிரை விலக்கினால் ஒரு மூச்சு. சிறு கத்திரியால் பட்டியின் ஒரு நூலை வெட்டினால் இன்னொரு மூச்சு. இரண்டே கால் மணித்தியாலம். நாய் நடுங்கியது, முனகியது, பல் காட்டவில்லை. நான் மிருக வைத்தியரைக் கூட்டிவர ஓடினேன். எழுபத்து நாலு வயதில் ஓடினேன்.

திரும்பி வந்தபோது தலைவரும் வாசலில் நின்றார். சங்கிலி நிலத்தில் கிடந்தது. வைத்தியர் புண்ணைக் கழுவி மருந்து போட்டு ஊசியும் ஏற்றினார். பிறகு நாய் எழுந்து நடந்தது. அத்தனை காலம் சங்கிலி தேய்த்த வட்டத்தின் விளிம்பு வரை வந்தது. அங்கே நின்றது. கூப்பிட்டும் வரவில்லை, இறைச்சி காட்டியும் வரவில்லை. வெறும் கழுத்தோடு அந்தக் கோட்டிலேயே நின்றது.

தலைவர் என்னைப் பார்க்காமல் சொன்னார்: “கிளாக்கர், அந்தத் தீர்மானத்தைக் கிழிச்சுப் போடும்.”

மிதிவெடியக்கா தடியைப் பிடுங்கி, கோட்டுக்கு வெளியே ஒரு சாண் தள்ளி நட்டார். “பயப்பிடாத. இனி வெளிப்பக்கம் நான் பாத்துத் தாறன்” என்று நாயிடம் சொல்லிவிட்டு, அதன் பக்கத்தில் மறுபடி முழங்காலில் அமர்ந்தார்.

வெயில் ஏறி மண் சுடத் தொடங்கியிருந்தது. நான் வீட்டுக்குப் போய் ஒரு சாக்கை நாலாக மடித்துக் கொண்டுவந்து, நாயைத் தாண்டிப் போய், அவர் முழங்காலுக்குக் கீழே வைத்தேன்.