ஏழாவது லைன்

அன்றும் சாயங்காலம் இருட்டியதும் மின்சாரத்தை நிறுத்த வேண்டிய முறை ஏழாவது லைனுக்கு. கட்டுப்பாட்டு அறை ஆபரேட்டர் சுவிட்சில் கை வைத்தார். வைத்த வேகத்தில் எடுத்தும்விட்டார்.

வெயில் காலம் தொடங்கியதிலிருந்து இதே கூத்துதான். ஊருக்கு மின்சாரம் போதவில்லை. தினமும் ஒவ்வொரு லைனாக ஒரு மணி நேரம் நிறுத்தியே ஆக வேண்டும். ஆனால் ஏழாவது லைன் அவர் தெருவுக்கே போகிறது. அங்கே மனைவி தனியாக இருக்கிறாள். இருட்டென்றால் அவளுக்குப் பாதி உயிர் போய்விடும்.

கல்யாணமான புதிதில், "கரண்ட் ஆபீஸ்காரனைக் கட்டியிருக்கே. நம்ம வீட்டுல விளக்கு அணையவே அணையாது" என்று ஜம்பமாகச் சொல்லிவிட்டார். அதை நம்பி அவள் சிரித்த சிரிப்புக்காக மனுஷன் இன்றுவரை படாத பாடு படுகிறார்.

ஏழாவதை விட்டுவிட்டு எட்டாவதை நிறுத்தினார். சற்று நேரத்தில், வழக்கம்போல, ஏழாவது லைனில் எவ்வளவு மின்சாரம் ஓடுகிறது என்று காட்டும் மீட்டரின் முள் கீழே சரிந்து படுத்துக்கொண்டது. கண்ணாடியைத் தட்டிப் பார்த்தார். அசையவில்லை. தினமும் இந்த நேரம் வந்தால் இந்தச் சனியனுக்கு ஏதோ கோளாறு.

போன் அடித்தது. எட்டாவது லைனில் குடியிருக்கும் மைத்துனன்.

"அத்தான், நேத்தும் எங்க முறைக்கு முன்னாடியே நிறுத்தினீங்க, இன்னைக்குமா? எங்க அக்காவைக் கட்டிக் கொடுத்ததுக்கு இதுதான் மரியாதையா?"

"கத்தாதேப்பா. உங்க அக்காவுக்காகத்தான்..."

"என்னது?"

"ஒண்ணுமில்ல. இதோ போட்டுடறேன்."

எட்டாவதைப் போட்டு ஒன்பதாவதை நிறுத்தினார். உடனே மறுபடி போன்.

"யாருய்யா அங்கே? நான் எஞ்சினியர் பேசறேன். சலூன்ல மெஷின் நின்னுபோச்சு. பாதி மீசையோட உட்கார்ந்திருக்கேன்!"

"ஐயோ சார்! இதோ போட்டுடறேன் சார்!"

"அது இருக்கட்டும். இந்த நேரத்து முறை ஏழாவதுக்குத்தானே? அது உங்க தெருதானே?"

ஆபரேட்டர் வாயில் வந்ததைச் சொன்னார்.

"அதையும் நிறுத்தியிருக்கேன் சார். அங்கேயும் இருட்டுதான்."

"அப்படியா? நேரா அங்கேதான் போறேன். நீங்களும் வந்து சேருங்க. ஒரு விளக்கு எரியட்டும், அப்புறம் உங்க வேலையைப் பத்திப் பேசுவோம்."

ஒன்பதாவதைப் போட்டார். ஏழாவதை நிறுத்திவிட்டால் பொய் உண்மையாகிவிடும். முன்கூட்டியே சொல்லிவிடலாமென்று வீட்டுக்குப் போன் செய்தார். மணி அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்க ஆளில்லை. சுவிட்சின் மேல் கை வைத்தார். வேலை போனால் வேறு வேலை தேடிக்கொள்ளலாம். அவள் பயந்துபோனால்? கையை எடுத்துவிட்டு, அடுத்த ஷிப்டுக்கு வந்தவரிடம் அறையை ஒப்படைத்துவிட்டு ஓடினார்.

தெருமுனையில் எஞ்சினியர் கைக்குட்டையால் உதட்டை மறைத்தபடி நின்றிருந்தார். ஆபரேட்டர் காலில் விழாத குறையாக ஆரம்பித்தார்.

"சார், நான் சொன்னது..."

"நான்தான் தப்பா நினைச்சுட்டேன். ஒரு பொட்டு வெளிச்சம் இல்ல. மனசுல வெச்சுக்காதீங்க" என்று தோளில் தட்டிவிட்டு எஞ்சினியர் மீதி மீசையைக் கவனிக்கப் போனார்.

ஆபரேட்டர் அப்போதுதான் தெருவைப் பார்த்தார். கும்மிருட்டு! நிறுத்தாத லைன் எப்படி நின்றது? அவள் என்ன ஆனாளோ என்று அடித்துப் பிடித்து ஓடினார்.

அவர் வீட்டு வாசலில் தெருவே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தது. நடுவில் அவர் மனைவி, எதிர்வீட்டு அக்காவின் கையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு ஏதோ கதை கேட்டுச் சிரித்துக்கொண்டிருந்தாள். ஆபரேட்டருக்குக் கண் கலங்கிவிட்டது.

"லைன்ல ஏதோ கோளாறு. கம்பத்துல ஏறிப் பார்த்துட்டு வந்துடறேன்" என்று திரும்பியவரின் சட்டையைப் பக்கத்துக் கடைத் தையல்காரர் பிடித்து நிறுத்தினார்.

"லைனுக்கு ஒண்ணுமில்ல சார். தெருவிளக்கை அணைச்சதே நான்தான்" என்று காதோடு சொன்னார். "நம்ம தெருவை மட்டும் நீங்க விட்டுடறது வெளியே தெரிஞ்சா உங்க வேலை போயிடுமாம். அதனால அடுத்த தெரு இருட்டானதும் எல்லாரும் ஒரு மணி நேரம் மெயின் சுவிட்சை அணைச்சிடணும்னு தினமும் உங்க வீட்டம்மா உத்தரவு. அவங்களுக்கு இருட்டுன்னா பயமாச்சே, அதான் நாங்க எல்லாரும் துணைக்கு உட்கார்ந்திருக்கோம்."