வெள்ளெலியும் கல்பாசியும் ஒரே தூக்குவாளியில்

எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகப் பள்ளிக்கூடம் போனவள் நான். அந்தத் தலைக்கனத்தில், வீட்டுக்குச் சேதி சொல்லி அனுப்பினால் விளக்கமே சொல்ல மாட்டேன். (அவங்களுக்கு என்ன புரியப்போவுது என்கிற நினைப்பு.)

எழுபதுகளின் தொடக்கம். தர்மபுரியில் சிஸ்டர்கள் நடத்திய விடுதியில் தங்கி எஸ்.எஸ்.எல்.சி. படித்தேன். பள்ளியில் அறிவியல் கண்காட்சி வந்தது. அருகிவரும் ஓர் உயிரை, அருகாத இன்னொன்றோடு ஒப்பிட்டுப் பேச வேண்டும். பார்க்க வருபவர் சேலத்துக் கல்லூரிப் பேராசிரியை. அவர் மனசு வைத்தால் அங்கே பி.யூ.சி. இல்லையென்றால் எங்கள் ஊர் ஏரியூரில் களையெடுப்பு.

மற்றவர்கள் புலிப்படம் ஒட்டினார்கள். நான் எங்கள் மலைப்பாறைக் கல்பாசியையும், கொல்லையில் வளை தோண்டும் வெள்ளெலியையும் எடுத்துக்கொண்டேன். ஊர் பஸ் கண்டக்டரிடம் சொல்லி அனுப்பினேன்: "புதன்கிழமை பெரியவங்க வர்றாங்க. வெள்ளெலி ஒண்ணு, கல்பாசி கொஞ்சம் வேணும்னு அப்பாகிட்ட சொல்லிடுங்கண்ணா."

அப்பா சலவைச் சட்டையில் வந்தார். கையில் தூக்குவாளி. மூடியைத் திறந்தேன். எலி குழம்பாகியிருந்தது. கல்பாசி அதிலேயே கறுப்பாக மிதந்தது.

"என்னங்கப்பா இது?"

"பெரியவங்க வர்றாங்கன்னியே. ஒண்ணு பத்தாதுன்னு மூணு புடிச்சேன். உங்கம்மா விடியறதுக்குள்ள மசாலா அரைச்சுட்டா."

அழ நேரமில்லை. பேராசிரியை என் மேசைக்கு வந்துவிட்டார். வாளியை எட்டிப் பார்த்தார்.

"ரெண்டையும்தான் திங்கிறீங்க. பாசி மட்டும் ஏம்மா குறையுது?"

மனப்பாடம் செய்தது அத்தனையும் மறந்துபோனது. வாளியிலேயே கிடந்த கரண்டியால் கிளறிக் காட்டினேன்.

"எலி வளைக்குள்ள ஓடிடும்ங்க. தப்பிச்சது குட்டி போட்டுப் பெருகிடும். கல்பாசிங்கிறது பூஞ்சையும் பாசியும் சேர்ந்து நடத்துற குடித்தனம். ஓடவும் முடியாது, வெரசா வளரவும் முடியாது. சுரண்டுனா பாறை பல வருசம் மொட்டையாக் கெடக்கும்." மூச்சு வாங்கிக்கொண்டேன். "இந்த மூணு எலி மட்டும் எங்கப்பாகிட்டத் தப்பிக்கலைங்க."

"ஆறிடும்ங்க," என்றார் அப்பா, பணிவாக. "ஒரு வாய் பாருங்க."

பேராசிரியை சிஸ்டரைப் பார்த்தார். சிஸ்டர் கூரையைப் பார்த்தார். பேராசிரியை சாப்பிட்டார். இரண்டாம் முறையும் போட்டுக்கொண்டார்.

சேலத்தில் இடம் கிடைத்தது. பத்து வருடம் ஓடிவிட்டது; இன்று நான் டீச்சர். என் படிப்பில் பாதி அம்மா அரைத்த மசாலா என்று வகுப்பிலேயே சொல்வதுண்டு.

ஆனால் வீட்டில் எதைக் கேட்டாலும், "உசுரோடவா, கொழம்பாவா?" என்று தெளிவுபடுத்திக்கொள்கிறார்கள். போன வாரம், மாப்பிள்ளை பார்க்கலாம் என்று ஒருவழியாகச் சம்மதம் சொன்னேன்.

அப்பா நிதானமாகக் கேட்டார்: "உசுரோடதானேம்மா?"