நாடித்துடிப்பு இல்லாமல் எட்டாயிரம் அடி

இனி நடப்பதில்லை என்று தையல்காரர் திட்டவட்டமாக முடிவெடுத்தார்.

நெஞ்சுவலி வந்து ஆஸ்பத்திரிக்குப் போனவருக்கு, ரத்தக்குழாய் அடைப்பை நீக்கி, உள்ளே சின்னதாக ஒரு கம்பிச்சுருள் வைத்து அனுப்பியிருந்தார்கள். "ரத்தக்குழாய்க்கு லைனிங் குடுத்திருக்காங்க" என்று கடைக்கு வருகிறவர்களிடம் பெருமையாகச் சொல்லிக்கொள்வார். அதோடு விட்டார்களா? தினமும் எட்டாயிரம் அடி நடக்க வேண்டும் என்று டாக்டரம்மா எழுதிக் கொடுத்துவிட்டார். முப்பது வருஷமாக உட்கார்ந்தே பிழைத்த மனிதர். எட்டாயிரம் அடியை யாராவது கொடுத்தால்கூட வாங்கிக்கொள்வார். நடப்பதுதான் ஆகாது.

மனைவிக்குப் பள்ளிக்கூட நூலகத்தில் வேலை. அவருக்கென்று ஒரு கைக்கடிகாரம் வாங்கி வந்தாள். அது அடியையும் எண்ணும், நாடித்துடிப்பையும் எண்ணும். சாயங்காலம் அதைக் கழற்றி வாங்கி, வீட்டுப்பாடம் திருத்துகிற மாதிரி பார்ப்பாள்.

தையல்காரர் யோசித்தார். கடிகாரத்தைத் தையல் மெஷினின் மிதிபலகையில் கட்டினார். மிதிக்க மிதிக்க எண்ணிக்கை ஏறியது. மூன்று சட்டை முடிவதற்குள் எட்டாயிரம் தாண்டிவிட்டது.

மூன்றாம் நாள் சாயங்காலம் மனைவி கடிகாரத்தை வெளிச்சத்தில் பிடித்தாள்.

"என்னங்க, இன்னிக்கும் எட்டாயிரத்து நானூறா?"

"பின்னே? காலே கழண்டு போச்சு."

"அடி சரி. நாடித்துடிப்புக்கு நேரா வெறும் கோடுதானே இருக்கு?"

"கோடுன்னா?"

"துடிப்பே இல்லைன்னு அர்த்தம். இதயம் நின்னுபோன மனுஷன் எட்டாயிரம் அடி நடந்து வந்து, கால நீட்டி உக்காந்து டீ கேக்கறாரு."

"மிதிச்சது என் காலுதானே? தசை வேலை செஞ்சா சரி."

"நடந்தது மெஷினுங்க. அதுக்கு நெஞ்சு வலிக்காது. உங்களுக்கு..."

மனைவி கடிகாரத்தை அவர் கையில் வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

தையல்காரருக்குச் சுருக்கென்றது. நெஞ்சுவலி வந்த அன்றைக்கு மெஷின் மேல் அவர் சாய்ந்தபோது, உதட்டில் கவ்வியிருந்த குண்டூசிகளை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டு, பக்கத்துக் கடை சரக்கு வேனை மறித்து ஏற்றிக்கொண்டு போனவள் அவள்தான். இன்னும் கால் மணி நேரம் தாமதமாகியிருந்தால் ஆளே இல்லை என்று டாக்டரம்மா சொன்னார்.

அதற்கப்புறம் நடை பற்றி அவள் வாயே திறக்கவில்லை. ஒரு வாரம் கழித்து மாடிப்படியில் காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"என்னம்மா ஆச்சு?"

"கெண்டைக்கால்ல நரம்பு சுண்டி இழுக்குதுங்க. கெண்டைக்காலு ரெண்டாவது இதயமாம். கீழ எறங்குன ரத்தத்தை அதுதான் அமுக்கி மேல தள்ளுமாம். தினமும் நடந்தாத்தான் சரியாகுமாம்."

"நடக்க வேண்டியதுதானே?"

"தனியா போய் நடுவழியில இழுத்துக்கிச்சுன்னா? யாரு கையப் பிடிக்கறது?"

தையல்காரர் மறுபேச்சுப் பேசாமல் செருப்பை மாட்டினார். தனக்காக நடக்காதவர் அவளுக்காக நடந்தார். முதல் வாரம் தபால் நிலையம்வரை. அப்புறம் பாலம்வரை. அப்புறம் விளையாட்டு மைதானத்தை மூன்று சுற்று.

"கால் வலிக்கறவ இப்படியா ஓடுவே? எனக்கு மூச்சு வாங்குது!"

"மெதுவா போனாத்தாங்க ரொம்ப வலிக்குது."

மூன்று மாதம் கழித்து டாக்டரம்மா அவரை முழுக்கப் பரிசோதித்தார். ரத்த அழுத்தம் இறங்கியிருந்தது. இதயம் ஒழுங்காகத் துடித்தது. "ரொம்ப நல்லா இருக்கு" என்றார்.

தையல்காரருக்குக் கண் கலங்கிவிட்டது. "டாக்டர், இவ கால்வலிக்குத்தான் நான் நன்றி சொல்லணும். பாவம், அதுக்கும் ஒரு மருந்து எழுதிக் குடுங்க."

"கால்வலியா? எந்தக் கால்?"

"வலது" என்றார் அவர்.

"இடது" என்றாள் அவள், அதே நொடியில்.

டாக்டரம்மா பேனாவை மூடிவிட்டுச் சிரித்தார். மனைவி சுவரில் இருந்த காலண்டரைக் கவனமாகப் படித்தாள்.

வாசலுக்கு வந்ததும் தையல்காரர் அவள் கையைப் பிடித்துக்கொண்டார். கொஞ்ச நேரம் விடவில்லை.

"இந்த உயிர நீ ரெண்டு தடவ காப்பாத்திட்டே. நிஜத்தைச் சொல்லு, காலு வலிக்கவே இல்லைதானே?"

"இல்லைங்க."

"இனிமே பொய்யெல்லாம் வேண்டாம்மா. நானே நடக்கறேன்."

"நடக்க வேண்டாங்க. ஒரு வாரமா எனக்கு முதுகு வலிக்குது. அதுக்கு நீச்சல்தானாம்."